சந்தேகக்கார அக்கா

யாராவது "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் அந்த அக்காவுக்குப் பிடிக்காது. போகிற வழியில் நின்று, திரும்பி, மேலும் கீழும் பார்த்து, "நல்லா இருக்கறவ எதுக்கு அதச் சொல்லிக்கிட்டுத் திரியுற?" என்று கேட்பாள். நாம் பதில் தேடுவதற்குள் நமக்கு என்னென்ன நோய் இருக்கலாம் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்திருப்பாள். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான கீழ் லயத்தின் கடைசிக் காம்பரா, கடைசி அறை, அவளுடையது. என்னுடையது அதே லயத்தின் நடுவில். பல வருஷம் மலை ஊற்று விழுகிற ஒரே பீலியில் தண்ணீர் பிடித்திருக்கிறோம். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து "யாரக் கேட்டு எழுதுன?" என்பாளோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

சந்தேகம் அவளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு மாதிரி. யாராவது வெற்றிலை நீட்டினால் அதில் பாதியைக் கிள்ளி நீட்டியவள் வாயிலேயே முதலில் போடச் சொல்வாள். மாரியம்மன் திருவிழாவில் பந்திக்கு உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரி நாலு வாய் தின்று முடிக்கும் வரை கையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். வானத்தைக்கூட நம்பமாட்டாள். பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளில் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு மலைக்குக் கொழுந்தெடுக்க வருவாள். வேலை வாங்குகிற கங்காணி சிரித்துப் பேசினால் அன்றைக்கு ஏதோ கெட்ட சேதி காத்திருக்கிறது என்பாள். சிரிக்காமல் போனால் அதைவிடக் கெட்ட சேதி. புருஷன் செத்துப் பல காலம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கேட்டால் சொல்லமாட்டாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் நாங்கள் மருந்துக்குப் போனோம். எல்லாவற்றுக்கும் போகவில்லை. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் தோட்டத்து டிஸ்பென்சரி இருந்தது. பிரசவத்துக்கு மருத்துவச்சி இருந்தாள். ஆனால் நாற்பதைத் தாண்டி, மாதத் தீட்டு முன்னே பின்னே ஆகத் தொடங்கி, காரணமில்லாமல் உடம்பு எரிந்து, தூக்கம் போய், கொழுந்து எடுக்கும்போதே கண்ணில் தண்ணீர் முட்டுகிற வயது ஒன்று வருகிறதே, அதற்கு யாரிடம் போவது? டிஸ்பென்சர் ஐயாவிடம் இதைச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. துணிந்து சொன்ன ஒருத்திக்கு அவர் தலைவலி மாத்திரை கொடுத்தார். அக்கா இந்த வயதுக்குத் தானாக ஒரு பெயர் வைத்திருந்தாள். எறங்கு வெயில் என்பாள். "அவளுக்கு எறங்கு வெயில் தொடங்கிருச்சு" என்று அவள் ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் லயத்தில் அவளைப் பற்றி இன்னொரு பேச்சும் இருந்தது. அவள் கருவைக் கலைக்கிற மருந்து கொடுக்கிறாள் என்பார்கள். கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கடைசிக் காம்பராவிலிருந்து கஷாய வாசனை வந்தால் போதும், "இது யாருக்கோ?" என்று ஒருத்தி மற்றவள் முகத்தைப் பார்ப்பாள். அதனால் அவளிடம் போகிறவள் முக்காடு போட்டுக்கொண்டு போவாள். முக்காட்டைப் பார்த்துப் பேச்சு இன்னும் வளரும். ஊரே அவளைச் சந்தேகப்பட்டது, அவள் ஊரையே சந்தேகப்பட்டாள். கணக்கு சரிதான் என்று நான் கிண்டலாகச் சொல்லியிருக்கிறேன், அவள் காதில் விழாத தூரத்தில்.

இந்தப் பேச்சு டிஸ்பென்சர் ஐயா வரைக்கும் போய், ஒரு நாள் அவர் கங்காணியையும் கூட்டிக்கொண்டு அவள் காம்பராவைச் சோதிக்க வந்துவிட்டார். நாங்கள் இஸ்தோப்பில், அதுதான் காம்பராவுக்கு முன்னால் இருக்கிற சாய்ப்பில், கூடி நின்றோம். ஐயா அடுப்படியில் இருந்த தகரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார். உளுந்து, எள், வெந்தயம், கொத்தமல்லி, கருப்பட்டி. கொடியில் ஏதோ வேர் காய்ந்துகொண்டிருந்தது.

"இது என்னா வேர்?" என்றார்.

"ஹாத்தாவாரிங்க, தண்ணிவிட்டான் வேரு. நாவலப்பிட்டிப் பக்கமிருந்து ஒரு சிங்கள அம்மா சந்தைக்குக் கொண்டாந்து விக்கிது. ஐயா ஒரு துண்டு தின்னு பாருங்க."

ஐயா ஓரடி பின்னால் போனார். அக்கா ஒரு துண்டை ஒடித்துத் தான் மென்றாள். பிறகு சட்டியிலிருந்து உளுந்தங்களியை ஒரு தட்டில் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் கங்காணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நின்றபடியே தின்றார். "இனிப்பு காணாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "சோதிக்க வந்த மனுசன் அடுப்படிய மட்டும் பாத்துட்டுப் போறாரு. கட்டிலுக்குக் கீழ குனிஞ்சுகூடப் பாக்கல. இவருகிட்டயா மருந்து வாங்கித் தின்னுறீங்க?" என்றாள். கட்டிலுக்குக் கீழே என்ன இருந்தது என்று அதன் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். குனிந்து பார்க்க எனக்கும் தைரியம் வரவில்லை.

எனக்கு எறங்கு வெயில் தொடங்கியதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அப்போது எனக்கு நாற்பத்து நாலு இருக்கும். புருஷன் போய் ஏழெட்டு வருஷம். ஒரே மகள், அவளும் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து கொழுந்தெடுத்தாள். ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்காக நிற்கிறோம். பனி இறங்கி ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டு நிற்க, எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து ஒரு நெருப்பு எழும்பிக் கழுத்துக்கு வந்து, காதுக்கு வந்து, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கம்பளியை விலக்கி விசிறிக்கொண்டேன். பனிக்குள்ளிருந்து அவள் முகம் வந்தது.

"என்னா புள்ள, ஒனக்கு மட்டும் தனியா வெயில் அடிக்குதா?"

"ஒண்ணும் இல்லக்கா. மேட்டுல ஏறி வந்தேன்ல."

"மேட்டுல ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்கணும். ஒனக்கு வாங்கல. சாயந்தரம் வா."

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். புருஷன் இல்லாதவள் அந்தக் கடைசிக் காம்பராப் பக்கம் போனால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் தொடர்ந்து தூங்காமல் கிடந்தவளுக்கு மானம் எத்தனை நாள் தாங்கும்? மகளிடம் உப்பு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மருந்துக்கு முன்னால் கேள்விகள். போலீஸ் ஸ்டேஷனில்கூட அத்தனை கேட்க மாட்டார்கள். ராத்திரி முழித்தால் அழுகை வருகிறதா, கோபம் வருகிறதா? தீட்டு எப்படிப் போகிறது, கொட்டுகிறதா, சொட்டுகிறதா? சாயந்தரத்துக்கு மேல் எத்தனை கோப்பை சாயத்தண்ணி, பால் போடாத தேத்தண்ணி? பொயிலை உண்டா? "இல்லக்கா" என்றேன். என் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். "கை ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது" என்றாள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

கடைசியில் அவள் சொன்னது இதுதான். மத்தியானத்துக்கு மேல் தேத்தண்ணி தொடக்கூடாது. தேயிலைத் தோட்டத்தில், அந்தக் குளிரில், தேத்தண்ணி குடிக்காதே என்று சொல்கிறவளை யார் நம்புவார்கள்? அதற்குப் பதில் கொத்தமல்லி போட்டுக் காய்ச்சிய தண்ணி. காலையில் ஊறவைத்த வெந்தயம். ஹாத்தாவாரி வேரை இடித்து அரிசியோடு கஞ்சி. முடிந்த நாளெல்லாம் உளுந்தங்களி. பீலியோரக் காணில், தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில், முளைக்கிற வல்லாரையைப் பறித்துச் சம்பல். பொயிலையை விடவேண்டும். படுக்கும்போது கம்பளியை நேராக உடம்பில் போடாமல் உள்ளே பழைய பருத்திச் சேலையைச் சுற்றிக்கொள்ள வேண்டும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இருந்தும் கஞ்சியை மட்டும் அவள் கண் முன்னால்தான் குடிக்கவேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதையும் முதலில் ஒரு மடக்கு அவள் குடிப்பாள்.

"நாளைக்கி நீ செத்துக் கெடந்தா நானும் செத்துக் கெடக்கணும். அப்பதான் என்னைய எவளும் சொல்ல மாட்டா" என்பாள்.

வேர்வை நின்றுவிடவில்லை. குறைந்தது என்று சொல்லலாம், அதுவும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் தூக்கம் வந்தது. மகள் மேல் எரிந்து விழுவது குறைந்தது. அதை அவளிடம் சொல்லப் போனால், "மருந்தால வந்துச்சா, பொயில விட்டதால வந்துச்சா, ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று தன் மருந்தையே சந்தேகப்பட்டாள். மருந்து கொடுத்தவளே இப்படிப் பேசினால் குடிக்கிறவள் என்ன செய்வது?

இனிச் சொல்லப்போவதற்கு எங்கள் லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரே காம்பரா. தூரமான பெண் அந்த மூன்று நாளும் உள்ளே படுக்கமாட்டாள். இஸ்தோப்பு மூலையில் ஒரு சாக்கை விரித்து, தனிக் கோப்பை வைத்துக்கொண்டு அங்கேயே கிடப்பாள். வேலைக்குப் போய் வந்தாலும் படுக்கை அங்கேதான். அதனால் எந்த வீட்டில் யாருக்கு எப்போது தீட்டு என்று லயம் முழுக்கத் தெரியும். சாக்கு வெளியே வராவிட்டாலும் தெரியும்.

எனக்கு முழுசாக நின்றுபோனபோது மூன்று மாதம் சாக்கு வெளியே வரவில்லை. எதிர் லயத்துக்காரி ஒருத்தி, எங்கள் வாசலுக்கு நேர் வாசல், பீலியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "என்னா, ரொம்ப நாளா உள்ளயே படுக்குறீங்க போல?" என்றாள். அவள் பார்வை என் வயிற்றில் இருந்தது. வயது ஏற ஏற எனக்கு இடுப்பும் வயிறும் கொஞ்சம் போட்டிருந்தது வேறு. புருஷன் இல்லாதவளுக்குத் தீட்டு வரவில்லை என்றால் வயது ஆகிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிற நேரம்.

அடுத்த அமாவாசைக்குச் சாக்கை எடுத்து வெளியே போட்டேன். இல்லாத தீட்டுக்காக மூன்று ராத்திரி குளிரில் நடுங்கினேன். மகள் சமைத்துக் கொடுத்தாள், பாவம், அவளுக்கும் தெரியாது. அதற்கடுத்த அமாவாசைக்கும் போட்டேன். எதிர் லயத்துக்காரியின் சிரிப்பு நின்றது. எனக்கு நிம்மதி. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா சாதாரணமாகக் கேட்டாள்.

"அமாவாசைக்கு அமாவாசை பிசகாம வருது போல ஒனக்கு?"

"ஆமாக்கா."

"பதினாறு வயசுக் கொமரிக்கே அப்பிடி வராது. ஒனக்கு இந்த வயசுல எப்பிடி வருது? எத்தன மாசமா நடிக்கிற?"

முன்னே பின்னே தள்ளிப் போட்டிருக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு அப்போதுதான் வந்தது. அழுதேன். எதிர் லயத்துக்காரி கேட்டதைச் சொன்னேன். அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவினாள். அன்றிலிருந்து என் கழுத்து அவள் கையில் என்று நினைத்தேன். அவள் யாரோடாவது குசுகுசுவென்று பேசினால் என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். தூக்கத்தைக் கொடுத்தவளே மறுபடி அதை வாங்கிக்கொண்டாள்.

மகளுக்கு நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்தான். பையன் நல்லவன், குடிக்கிறவன் இல்லை. அவன் அம்மாதான் எல்லாம், அவள் சொல்தான் வீட்டில் நடக்கும் என்று தரகர் சொன்னார். வெற்றிலை பாக்கு மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். முடித்து இரண்டு வாரம் இருக்கும், எனக்கு ரத்தம் போகத் தொடங்கியது. நிஜமான ரத்தம். முதலில் கறை மாதிரி, பிறகு அதிகமாக. நின்றுபோன ஒன்று திரும்பி வந்ததில் எனக்கு ஒரு அசட்டுச் சந்தோஷம்கூட இருந்தது, இனி நடிக்க வேண்டாமே என்று. சாக்கை எடுத்துப் போட்டுப் படுத்தேன்.

அன்றைக்குச் சாயந்தரமே அவள் வந்து தலைமாட்டில் நின்றாள்.

"அமாவாசைக்கு இன்னும் நாள் கெடக்கு. சாக்கு வெளிய கெடக்கு. நெசமா வருதா?"

"ஆமாக்கா. திரும்பி வந்துருச்சு."

அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. குனிந்து, "நின்னு ஒரு வருசம் தாண்டுனது திரும்பி வராது. வரக்கூடாது. இது வேற ரத்தம். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றாள்.

"என்னாக்கா பேசுறீங்க? கல்யாணத்த வச்சுக்கிட்டு? புருசன் இல்லாதவ ரத்தப் போக்கோட ஒங்ககூட ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரு என்னா சொல்லும்? கலைக்கப் போயிட்டான்னு சொல்லுவாங்க. நோட்டன் பிரிட்ஜுக்குச் சேதி போக ஒரு நாள் ஆகாது. நிறுத்துறதுக்கு மருந்து குடுங்க. கல்யாணம் முடிஞ்ச மறு நாளே போறேன்."

"குடுக்க மாட்டேன்."

"மாதுளந்தோலுல ஏதோ போட்டுக் குடுப்பீங்கன்னு எல்லாருஞ் சொல்றாங்க."

"குடுக்க மாட்டேன்னு சொல்றேன்ல. அது நின்னா ஒனக்குப் பயம் போயிரும், நீ போகவே மாட்ட. உள்ள இருக்கறது இருந்துக்கிட்டே இருக்கும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளை பெறாதவளுக்கு ஒரு பிள்ளையின் கல்யாணம் என்றால் என்ன தெரியும் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லியும் விட்டேன். அவள் நிமிர்ந்து, தன் காம்பராவுக்குப் போய்விட்டாள். வாயை அடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவளாவது வாயை மூடுவதாவது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பீலியில் இரண்டு லயத்துப் பெண்களும் துவைத்துக்கொண்டும் குளித்துக்கொண்டும் இருந்தோம். என் மகளும் இருந்தாள். அக்கா வந்து துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றாள். ஏதோ பாம்பைக் கண்டுவிட்டாளோ என்று பார்த்தோம்.

"எல்லாரும் கேட்டுக்கங்க!" என்று பீலிச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். என்னைக் கை நீட்டிக் காட்டினாள். "இவளுக்குத் தீட்டு நின்னு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒங்க வாய்க்குப் பயந்து மாசாமாசம் சாக்கப் போட்டு நடிச்சுக்கிட்டுக் கெடந்தா. இப்ப நின்ன ரத்தம் திரும்பிப் போகுது. அது நோவு. நாளைக்கி இவள நான் கண்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். இவ வயித்துல புள்ள இருக்குன்னு சொல்றவ எவளாவது இருந்தா இப்பவே சொல்லட்டும். மருத்துவச்சிய இங்கயே கூப்புட்டுப் பாத்துருவோம். முதுகுக்குப் பின்னால சொன்னா நான் சும்மா விடமாட்டேன்."

துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைக் கல்லில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. கையிலிருந்த வாளியைத் தூக்கி அவள் மேல் எறிந்தேன். முழங்காலில் பட்டது. தோல் உரிந்து ரத்தம் வந்தது. அவள் கல்லை விட்டு இறங்கவில்லை. "எறிஞ்சிட்டியா? சரி, நாளைக்கிக் காலையில ரயிலு" என்றாள்.

என் மகள் ஈரத் துணியோடு ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். "நெசமாம்மா? ரத்தம் போகுதா?" என்று கேட்டாள். நான் தலை குனிந்தேன். "கல்யாணம் கெடக்கட்டும்மா. நீங்க போங்க" என்றாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை சொன்னாள். அதற்கு மேல் என்னால் முரண்டு பிடிக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது எதிர் லயத்துக்காரி என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "நானும் ரெண்டு வருசமா சாக்கப் போட்டு நடிக்கத்தான் செய்றேன். நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா அவரு வேற பொம்பளையத் தேடிருவாருன்னு பயம்" என்றாள். என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தவள்தான் இவள். எனக்குக் கோபம் வரவேண்டும். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ரயிலில் அக்கா எனக்கு எதிரில் உட்கார்ந்து வந்தாள், முழங்காலில் துணிக் கட்டோடு. அட்டனில் ஒருவரிடம் "இது கண்டிக்குப் போற ரயிலுதானா?" என்று கேட்டாள். நாவலப்பிட்டியில் இன்னொருவரிடம் கேட்டாள். பேராதனையில் வண்டி மாறியபோது சீருடை போட்டவர் சொன்னதைக்கூட நம்பாமல், கூடையோடு நின்ற ஒரு சிங்களப் பெண்ணைக் கேட்டுவிட்டுத்தான் ஏறினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எந்தப் போத்தலைத் தூக்கினாலும் "மே மொனவாத, மிஸ்ஸி?" என்று, இது என்ன என்று சிங்களத்தில் கேட்பாள். அந்த நர்ஸம்மா கோபித்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது என் அதிர்ஷ்டம். பெண் டாக்டர் பார்த்துவிட்டு, நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள், இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கையை மீறிப் போயிருக்கும் என்று சொன்னார். இந்த அக்கா டாக்டரிடம் முன்கூட்டியே பேசி இப்படிச் சொல்ல வைத்துவிட்டாளோ என்றுகூட எனக்கு ஒரு கணம் தோன்றியது. அவள் நோய் எனக்கும் தொற்றியிருந்தது.

கர்ப்பப்பையை எடுத்தார்கள். உடம்பு தேறி வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு கூடை சுமக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்ததால் பிள்ளைக்காம்பராவில், அம்மாமார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மா வேலை கொடுத்தார்கள்.

வந்த வாரமே மாப்பிள்ளையின் அம்மா நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்து இறங்கினாள். முன்கூட்டியே சொல்லி அனுப்பவில்லை. வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு உறுதி. என் மகள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அந்த அம்மா உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, என் உடம்பை விசாரித்தாள். பிறகு கூட வந்த தம்பி மனைவியை வெளியே போகச் சொன்னாள்.

"சம்மந்தியம்மா, எல்லாங் கேள்விப்பட்டேன்" என்று தொடங்கினாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அப்போதுதான் பார்த்தேன், அந்தக் குளிரில் அவளுக்கு நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. "அந்த அக்காவோட காம்பரா எதுங்க?" என்றாள்.

கல்யாணம் ஆவணியில் நடக்கவில்லை, என் உடம்புக்காகத் தையில் வைத்தார்கள். அதற்குள் எங்கள் லயத்திலும் எதிர் லயத்திலும் சில வீட்டு இஸ்தோப்பு மூலைகள் காலியாகிவிட்டன. இத்தனை பேரா குளிரில் கிடந்தோம் என்று ஆச்சரியமாக இருந்தது. கடைசிக் காம்பராவுக்கு முக்காடு போடாமலும் சிலர் போனார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "என்னா திடீர்னு எல்லாரும் வாறீங்க? யாரு சொல்லிக் குடுத்தா?" என்று ஒவ்வொருத்தியையும் வாசலிலேயே நிறுத்தி விசாரித்தாள்.

அவளை மன்னிக்க எனக்கு நாளானது. உயிரைக் காப்பாற்றினாள், சரி. அதற்காக இரண்டு லயத்துக்கு முன்னால் என்னை நிற்கவைத்து உரிக்க வேண்டுமா? மகள் கல்யாணம் முடிந்து போன பிறகு ஒரு சாயந்தரம் மனசு கேட்காமல் போனேன். களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணுங்க்கா. அன்னைக்கி அப்பிடிக் கத்துனீங்களே, எங்கிட்டத் தனியா, மெதுவா, இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா போயிருப்பியா?"

யோசித்தேன். "போயிருக்க மாட்டேன்."

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. "எனக்குக் கூடப் பொறந்தவ ஒருத்தி இருந்தா, பட்டிப்பொலப் பக்கம். ஒன்னைய மாதிரியேதான். நின்னுபோனது திரும்பி வருதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போடின்னு மெதுவாத்தான் சொன்னேன். போறேன் போறேன்னா. அது வரைக்கும் மருந்து குடுன்னா, குடுத்தேன். அப்புறம் கேட்டப்ப, போயிட்டு வந்துட்டேன், ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா." கரண்டியைச் சட்டி ஓரத்தில் தட்டினாள். "எல்லாரையுஞ் சந்தேகப்படுறவ நான். தங்கச்சியாச்சேன்னு அவள மட்டும் சந்தேகப்படல."

அவள் தோளைத் தொடலாமா என்று கையை எடுத்தேன். சட்டென்று திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதெல்லாம் எதுக்கு இப்பக் கேக்குற? யாரு கேட்டுட்டு வரச் சொன்னா?"

யாரும் அனுப்பவில்லை என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை.